பாஸ்தா: விற்கும் நாம் சமைத்துப் பார்த்தோமா?

'செட்டியார் மிடுக்கா, சரக்கு மிடுக்கா' என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. சரக்கு நயமாக இருந்தால் தானே விற்கும். கடைக்காரர் தொண்டை வறளப் பேச வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. ஆனால் சரக்கும் நயமாக இருந்து, விலையும் நியாயமாக இருந்து, வாங்கிச் சென்றவர் மறுநாள் முகம் சுளித்துக்கொண்டு கடையேறி வந்தால் குறை யாருடையது? அண்மையில் நமக்கு ஏற்பட்ட ஓர் அனுபவத்தை வணிக நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நம் மளிகைக் கடைக்கு வாரந்தோறும் வரும் சேல்ஸ்மேன் ஒருவர், ஒரு பெட்டி பாஸ்தா எடுத்தால் இரண்டு பாக்கெட் இலவசம் என்று ஸ்கீம் சொன்னார். ஸ்கீம் என்ற சொல்லைக் கேட்டதும் தலையசைத்து விடும் பழக்கம் நமக்கு உண்டு. பெட்டி வந்து இறங்கியது. சேமியாவுக்கும் அப்பளத்துக்கும் நடுவில் அடுக்கினோம். குழாய் வடிவில் ஒன்று, சங்கு வடிவில் ஒன்று, திருகல் வடிவில் ஒன்று. பார்ப்பதற்கு அழகுதான். வந்தவர்களும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 'இதை எப்படிச் செய்றது அண்ணாச்சி?' என்று கேட்ட ஓரிருவரிடமும், 'பின்னால போட்டிருக்கு, பாத்துக்கோங்க' என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குத் துவரம்பருப்பு நிறுக்கப் போய்விட்டோம்.

அப்படி வாங்கிப் போனவர்களில் ஓர் அம்மா, பல ஆண்டுகளாக நமக்கு மாத லிஸ்ட் கொடுப்பவர். பள்ளியில் தோழியின் டிபன் பாக்ஸில் ருசி பார்த்துவிட்டு வந்த மகள் கேட்டாளாம். மறுநாள் காலை கூட்டமான நேரத்தில் வந்து நின்றார்.

'என்ன அண்ணாச்சி, நீங்க குடுத்தது களி மாதிரி ஆயிடுச்சு. தக்காளியில பால் ஊத்தினேன், அதுவும் திரிஞ்சு போச்சு. பிள்ளைங்க தொடவே இல்ல. பழைய சரக்கா?'

அதே பெட்டியிலிருந்து வேறொரு பாக்கெட்டை எடுத்துத் தேதியைக் காட்டினோம். காலாவதிக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. அவர் பார்த்துவிட்டு, 'தேதி சரியாத்தான் இருக்கு. அப்ப நான் என்ன தப்பு பண்ணினேன், அதையாவது சொல்லுங்க' என்றார்.

நமக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மாதம் அவர் லிஸ்ட் வரவில்லை. அடுத்த தெருவில் உள்ள பெரிய கடையின் பையோடு அவர் ஆட்டோவில் போவதைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்தோம். ஒரு பாக்கெட் பாஸ்தாவில் நமக்கு நிற்பது சில ரூபாய். ஒரு குடும்பத்தின் மாத லிஸ்ட் எவ்வளவு என்பதை மளிகை வணிகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிரவு வீட்டில் இதைச் சொன்னபோது நம் வீட்டம்மா கேட்டார்: 'எந்தப் பச்சரிசி இடியாப்பத்துக்கு ஆகும், எது ஆகாதுன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்றீங்க. இத மட்டும் ஏன் சமைச்சே பாக்கல?'

நியாயமான கேள்வி. அடுத்த ஞாயிறு மதியம் கடையைச் சாத்தியதும் இரண்டு பாக்கெட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போனோம்.

சரக்கின் பூர்வீகம்

சமைப்பதற்கு முன் சரக்கைத் தெரிந்துகொள்வோம். பாஸ்தா இத்தாலி நாட்டு உணவு. சீனாவிலிருந்து மார்க்கோ போலோ கொண்டுவந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அது சரியல்ல. அவர் ஊர் திரும்பியது 1295ஆம் ஆண்டு. அதற்கு முன்பே, 1279ஆம் ஆண்டில், ஜெனோவா நகரில் ஒருவருடைய உடைமைகளைப் பட்டியலிட்ட பத்திர எழுத்தர் 'மக்கரோனி நிறைந்த பெட்டி ஒன்று' என்று எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முன்னால் 1154இல், அல் இத்ரீசி என்ற அராபிய நிலநூல் அறிஞர், சிசிலித் தீவின் திராபியா என்ற ஊரில் மாவுப் பண்டத்தை இழைகளாகச் செய்து கப்பல் கப்பலாக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்று குறித்துள்ளார். ஆக, காய்ந்த நிலையில் கெடாமல் தூரதேசம் போகும் வணிகச் சரக்காகவே இது வளர்ந்தது. நம் கடைக்கு ஏற்ற சரக்குதான்.

தக்காளி அதனோடு சேர்ந்தது வெகு பின்னால். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த காய் அது. இத்தாலியில் 1690களில் வெளியான ஒரு சமையல் நூலில் தக்காளி சாஸ் இடம்பெற்றது. பாஸ்தாவும் தக்காளியும் பிரியாத ஜோடியானது 19ஆம் நூற்றாண்டில்தான். நமக்கும் தக்காளி வெளியிலிருந்து வந்ததே. அதனால்தான் நம் பாட்டன்மார் அதைச் 'சீமைத்தக்காளி' என்றார்கள். அந்த நாட்டின் தென்பகுதியில் எண்ணெயும் தக்காளியும், வடபகுதியில் வெண்ணெயும் பாலேடும் செழிப்பு. இரண்டும் ஒரே சட்டியில் கலந்ததே நாம் இன்று பேசப்போகும் கிரீம் சேர்த்த தக்காளி சாஸ். நம் ஊர் ஓட்டல்களில் 'பிங்க் சாஸ் பாஸ்தா' என்று எழுதியிருப்பது இதுதான்.

இனி மாவு விஷயம். நல்ல பாஸ்தா டூரம் என்ற கடினமான கோதுமையின் ரவையில் செய்யப்படுவது. இந்தக் கோதுமையின் புரதம் கொதிநீரிலும் வடிவத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை டூரம் ரவையில் மட்டுமே செய்ய வேண்டும் என்று 1967இல் சட்டமே இயற்றினார்கள். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் இக்கோதுமை விளைகிறது. ஆனால் நம் கடைக்கு வரும் எல்லாப் பாக்கெட்டும் டூரம் அல்ல. சிலவற்றில் சாதாரண ரவை, சிலவற்றில் மைதா கலப்பு. மைதா அதிகமானால் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொதித்தாலே குழைந்துவிடும். பாக்கெட்டின் பின்புறம் சேர்மானப் பட்டியலில் முதலில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தாலே விளங்கிவிடும். நாமும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

முதல் ஞாயிறு

வேண்டுமென்றே அந்த அம்மா செய்தது போலவே செய்து பார்த்தோம். உப்புமாவுக்கு வைப்பது போலக் கொஞ்சம் தண்ணீர் வைத்து, அது கொதிக்கும் முன்பே பாஸ்தாவைப் போட்டு, மூடி வைத்தோம். கால் மணி நேரத்தில் திறந்தால் வெளிப்புறம் பசை, உட்புறம் மாவு. இன்னும் வேகட்டும் என்று விட்டதும் களியாயிற்று. தக்காளி தளதளவெனக் கொதிக்கும்போது ஒரு டம்ளர் பால் ஊற்றினோம். கண்ணெதிரே திரிந்து, பொடிப்பொடியாக மிதந்தது.

காரணம் தேடியபோது இரண்டும் நமக்குத் தெரிந்த விஷயங்கள்தாம் என்று புரிந்தது. பாஸ்தாவிலிருந்து வெளியேறும் மாவுச்சத்து கரைந்து பரவ நிறையத் தண்ணீர் வேண்டும். சாதம் வடிக்கும் கணக்கு இது. உப்புமா கணக்கு அல்ல. பால் திரிந்ததற்குக் காரணம் தக்காளியின் புளிப்பு. சூடான பாலில் எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுப்பதும் இதே விதிப்படிதான். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் பாலின் புரதம் திரளும். கிரீமில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு. அதனால் அது எளிதில் திரிவதில்லை. சமன்படுத்திய பாக்கெட் பாலில் கொழுப்பு 3 சதவீதம்தான். டெட்ரா பாக்கெட்டில் வரும் ஃப்ரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம் வரை இருக்கும். அந்த அம்மாவுக்கு நாம் பாஸ்தா கொடுத்தோம், தக்காளி கொடுத்தோம், பாலும் கொடுத்தோம். பக்கத்திலேயே குளிர்பெட்டியில் இருந்த கிரீமைச் சொல்லவில்லை.

இரண்டாம் ஞாயிறு: செய்முறை

நான்கு பேருக்கான அளவு இது. பாஸ்தா 300 கிராம், பழுத்த தக்காளி 750 கிராம், பெரிய வெங்காயம் 1, பூண்டு 6 பல், ஒன்றிரண்டாகப் பொடித்த வரமிளகாய் அரை டீஸ்பூன், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 1 டீஸ்பூன், ஃப்ரெஷ் கிரீம் 100 மில்லி, சர்க்கரை ஒரு சிட்டிகை, மிளகுத்தூள், உப்பு. விருப்பமானால் துருவிய சீஸ் 2 மேசைக்கரண்டி.

முதலில் சாஸ். சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளி இதற்கு உகந்தது. நாட்டுத்தக்காளியில் மணம் உண்டு என்றாலும் நீரும் புளிப்பும் கூடுதல். அதிக நேரம் சுண்ட வேண்டும். தக்காளியின் அடியில் குறுக்காகக் கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீருக்கு மாற்றினால் தோல் கையோடு வந்துவிடும். பிறகு மசித்துக்கொள்ளலாம், மிக்ஸியில் ஒரு சுற்றும் விடலாம்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் நறுக்கிய பூண்டைப் போட்டு, நிறம் மாறும் முன் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சேர்த்து வதக்க வேண்டும். பூண்டு கருகினால் சாஸ் முழுதும் கசக்கும். ஆலிவ் எண்ணெய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சூரியகாந்தி எண்ணெய் போதும். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசனை மேலோங்கிவிடும். அடுத்து மிளகாய், தக்காளி, சிறிது உப்பு, சர்க்கரை. மிதமான தீயில் 15 முதல் 20 நிமிடம், ஓரங்களில் எண்ணெய் பிரிந்து வரும்வரை சுண்ட விட வேண்டும். தொக்குக்குப் பார்க்கும் அதே பக்குவம், ஆனால் கொஞ்சம் தளர்வாக.

சாஸ் சுண்டும்போதே இன்னொரு அடுப்பில் பாஸ்தா. 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. அதன்படி 300 கிராமுக்கு 3 லிட்டர் தண்ணீர், 30 கிராம் உப்பு. உப்பின் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும் என்பதால் பயப்பட வேண்டாம். ஆனால் சாஸில் உப்பைக் குறைத்தே போட வேண்டும். தண்ணீர் நன்றாகப் பொங்கிக் கொதித்த பிறகே பாஸ்தாவைப் போட வேண்டும். முதல் இரண்டு நிமிடம் கிளறிவிட்டால் ஒட்டாது. மூட வேண்டாம். பாக்கெட்டில் போட்டுள்ள நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். மெத்தென்று இருந்தாலும் நடுவில் பல்லுக்குச் சற்றே தட்டுப்பட வேண்டும். மீதி வேக்காடு சாஸில் நடக்கும்.

வடிக்கும்போது கஞ்சி ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதை மறக்கவே கூடாது. பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலசக் கூடாது. அலசினால் மேலுள்ள மாவுச்சத்து போய், சாஸ் ஒட்டாமல் வழுக்கிவிடும்.

இப்போது முக்கியமான கட்டம். சாஸ் இருக்கும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கிரீமை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சூடான சாஸில் இரண்டு கரண்டி எடுத்து அதில் கலக்கி, கிரீம் வெதுவெதுப்பான பிறகு வாணலியில் சேர்க்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கொதியில் ஊற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. சிவப்பு மாறி இளஞ்செம்மை நிறம் வந்ததும் பாஸ்தாவையும் அரைக் கரண்டி கஞ்சியையும் சேர்த்து, சிறு தீயில் ஒன்றிரண்டு நிமிடம் புரட்ட வேண்டும். கஞ்சியிலுள்ள மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் பிரிய விடாமல் பிடித்து, சாஸைப் பளபளப்பாக்கும். கடைசியில் வெண்ணெய், மிளகுத்தூள், சீஸ்.

இத்தாலியர் மேலே தூவும் பேசில் இலை, நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான். நாம் விற்கும் சப்ஜா விதை அந்தச் செடியின் விதை. ஊருக்கு ஊர் மணத்தில் வேறுபாடு உண்டென்றாலும் வீட்டில் செடி இருந்தால் நான்கு இலை கிள்ளிப் போடலாம்.

கிரீம் வாங்க மனமில்லாதவர்களுக்கும் வழியுண்டு. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் அதே அளவு மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, ஒரு டம்ளர் பாலை ஊற்றிக் கட்டியில்லாமல் கெட்டியாக்கி, அதை அடுப்பணைத்த சாஸில் கலக்கலாம். மாவு சேர்ந்த பால் எளிதில் திரியாது.

இரண்டாம் ஞாயிறு சட்டியில் மிச்சமில்லை. மூன்றாவது பாக்கெட் எடுத்து வரவில்லையா என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

கல்லாவுக்கு என்ன பயன்?

சமைத்துப் பார்த்ததில் வணிகக் கணக்கும் புலப்பட்டது. பாஸ்தா தனியாகப் போகும் சரக்கு அல்ல. ஒரு பாக்கெட் போனால் தக்காளி, வெங்காயம், பூண்டு, எண்ணெய், வெண்ணெய், கிரீம், மிளகு, சீஸ் என்று எட்டுச் சரக்கு கூடப் போக இடமிருக்கிறது. அப்பளத்துக்குப் பக்கத்தில் கிடந்த பாஸ்தாவைக் குளிர்பெட்டிக்கு அருகே மாற்றினோம். ஓர் அட்டையில் மூன்றே வரி எழுதி மாட்டினோம்: 'நிறையத் தண்ணீரில் வடிக்கவும். அலச வேண்டாம். அடுப்பை அணைத்த பின் கிரீம் சேர்க்கவும்.'

நம் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. சைவ வாடிக்கையாளர்கள் முட்டை உண்டா என்று கேட்பார்கள். டூரம் பாஸ்தாவில் வழக்கமாக ரவையும் நீரும்தான்; ஆனால் முட்டை சேர்த்த வகையும் உண்டு. பச்சைப் புள்ளியைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும். அது போலவே, இறக்குமதியாகும் அசல் பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டு உறைய வைக்கப்படுவது. சைவர்களிடம் அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

பிரிந்த பாக்கெட்டுகளில் மிஞ்சிய பல வடிவங்களை ஒரே பையில் கலந்து விற்கக் கூடாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் வேகும் நேரம் வேறு. ஒன்று வேகுமுன் மற்றொன்று குழையும். பாக்கெட்டுகளைச் சோப்பு, ஊதுவத்திக்கு அருகில் அடுக்க வேண்டாம். முதலில் வந்ததை முன்வரிசையில் வைக்க வேண்டும். பிரித்த கிரீம் பாக்கெட்டைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிடச் சொல்ல வேண்டும்.

வரி விஷயத்திலும் ஒரு செய்தி. சேமியாவும் பாஸ்தாவும் ஒரே குலம். ஆயினும் ஜி.எஸ்.டி.யில் சேமியாவுக்கு 5 சதவீதமும் பாஸ்தாவுக்கு 12 சதவீதமும் இருந்து வந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் பாஸ்தாவும் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வெண்ணெய்க்கும் சீஸுக்கும் அதே நாளில் 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. பழைய கணக்கிலேயே பில் போடும் நண்பர்கள் யாரேனும் இருந்தால் உடனே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தக்காளி விலை ஏறும் காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்ற நிலையை நாம் கண்டோம். அத்தகைய நாட்களில் தக்காளி ப்யூரி பாக்கெட் கைகொடுக்கும். அதைப் பாஸ்தாவுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்.

அந்த அம்மா என்ன ஆனார்?

சில நாள் கழித்து ஒரே ஒரு தேங்காய் வாங்க வந்தார். 'அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களே, இப்ப பதில் இருக்கும்மா' என்று சொல்லி, நாம் சமைத்துக் கெடுத்ததையும் பிறகு சரிசெய்ததையும் விளக்கினோம். நம் வீட்டிலும் பால் திரிந்தது என்றதும் சிரித்துவிட்டார். நம் கணக்கில் ஒரு பாக்கெட் பாஸ்தா கொடுத்தோம். கிரீமை அவரே காசு கொடுத்து வாங்கினார். இரண்டு நாளில், 'பிள்ளைங்க சட்டிய வழிச்சிட்டாங்க அண்ணாச்சி' என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார்.

மாத லிஸ்ட் முழுவதும் திரும்பவில்லை. சோப்பும் எண்ணெயும் இன்னும் அந்தப் பெரிய கடையில்தான் வாங்குகிறார். அரிசியும் பருப்பும் நம்மிடம் வந்துவிட்டன. பெட்டியில் ஐந்து பாக்கெட் காலாவதியாகி நஷ்டத்தில் எழுதினோம். மற்றவை விற்றுத் தீர்ந்தன. அடுத்த பெட்டியை ஸ்கீம் கேட்காமல், பாக்கெட்டைத் திருப்பி டூரம் என்று பார்த்தே எடுத்தோம்.

பெரிய கடையில் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் 'இதை எப்படிச் செய்வது?' என்று அங்கே யாரிடம் கேட்பது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தான். வணிக நண்பர்கள் தத்தம் கடையில் நகராமல் கிடக்கும் சரக்கு எது என்று ஒருமுறை பார்த்து, அதில் ஒரு பாக்கெட்டை இந்த ஞாயிறு வீட்டுக்கு எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.